பழைய ஜிப்சியும் மண்ரோடும்

நேயர்களுக்கு வணக்கம். எனக்குக் கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், தார் ரோடு முடிகிற இடத்தில்தான் எங்களுக்குப் பாதி வேலை ஆரம்பிக்கும். காப்பி மூட்டை, மிளகு, வாழைத்தார், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள் எல்லாமே ஜீப்பில்தான் இறங்கும். அதனால் ஃபோர்வீல் வண்டி, அதாவது நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் பலம் போகிற வண்டி, எனக்குப் பிழைப்பு. பொழுதுபோக்காகவும் ஆகிவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். அதை நான் மறுப்பதில்லை.

இப்போது நிறையப் பேர் செகண்ட்ஹேண்டில் ஃபோர்வீல் வண்டி வாங்குகிறார்கள். வாங்கின கையோடு அதில் எதையெல்லாம் மாட்டலாம் என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அளவாகச் செலவு செய்து அந்த வண்டியை மண்ரோட்டுக்கு எப்படித் தயார் செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு. நான் மாருதி ஜிப்சியை வைத்தே பேசுகிறேன். 1985 கடைசியில் வந்த வண்டி, 2019 வாக்கில் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்தினார்கள். எடை ஒரு டன் சுமார்தான். நாலு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். இன்றைக்கும் மலையில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். உங்களிடம் மஹிந்திரா தார் வண்டி இருந்தாலும் சரி, மாருதி ஜிம்னி இருந்தாலும் சரி, சொல்லப்போவதில் முக்கால்வாசி பொருந்தும்.

என் தங்கை மகன் ஒரு ஜிப்சி வாங்கினான். ஃபோனில் ஒரு பட்டியலோடு வந்தான். பாடியை மூன்று இன்ச் தூக்குகிற லிஃப்ட், 31 இன்ச் மட் டயர், மாட்டின வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கிற வின்ச், எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கிற ஸ்நார்க்கல் குழாய், கூரை மேல் ஒரு வரிசை லைட். கூட்டிப் பார்த்தால் வண்டி வாங்கின விலையைத் தொடுகிறது.

“மாமா, இதுல எதை முதல்ல போடலாம்?”

“கிங்பின் பேரிங் பார்த்தியா மாப்ளே?”

“அது என்ன மாமா?”

முன்சக்கரம் திரும்புகிற இடத்தில் இருக்கிற பேரிங் அது. சரி, அங்கிருந்தே தொடங்குவோம். முன்சக்கரத்தை ஜாக் போட்டுத் தூக்குங்கள். சக்கரத்தை மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்துப் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். லொடக் லொடக் என்று ஆட்டம் கொடுத்தால் வீல் பேரிங்கோ கிங்பின் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. அதன் மேல் 31 இன்ச் டயரை மாட்டினால், அறுபதில் போகும்போது ஒரு குழியில் இறங்கி ஏறினதும் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதறும். அதே போல முன்சக்கரத்துக்கு உள்பக்கம் உருண்டையாக ஒரு நக்கிள் இருக்கும். அதைச் சுற்றி எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். பட்டைக்கு நடுவில் இருக்கிற சென்டர் போல்ட், பட்டையின் முனையில் இருக்கிற ஷேக்கில் புஷ், பிரேக் ஹோஸ், அப்புறம் சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், துரு, இதையெல்லாம் பாருங்கள். கடலோர ஊரில் ஓடிய வண்டி என்றால் சேஸை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் மாறுகிற இடத்தில் நின்று பாருங்கள். இந்த வேலையெல்லாம் வெளியே தெரியாது. போட்டோவிலும் விழாது. ஆனால் முதல் பணம் இதற்குத்தான். திரும்பவும் சொல்கிறேன், முதல் பணம் இதற்குத்தான்.

அடுத்தது ஆயில். எஞ்சின் ஆயிலை எல்லாரும் மாற்றுவார்கள். கியர்பாக்ஸ், எஞ்சின் பலத்தை முன், பின் அச்சுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ், அச்சுகளில் உருண்டையாக இருக்கிற கியர்க் கூடுகளான முன் கிரவுன், பின் கிரவுன், இந்த நாலையும் யாரும் திறந்தே பார்ப்பதில்லை. பழைய வண்டியில் கிரவுன் ஆயிலை இறக்கும்போது அது காப்பியில் பால் அதிகமானது போல வந்தால், உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எப்படிப் போகும்? ஓடி ஓடி ஹவுசிங் சூடாக இருக்கிறது. அப்படியே ஓடைத் தண்ணீரில் இறக்குகிறீர்கள். உள்ளே இருக்கிற காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். காற்று போய்வர மேலே பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கிறது. அது தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். அடைத்துக்கொண்டிருந்தால் சீல் வழியாக இழுக்கும். அந்த பிரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, எஞ்சின் பக்கம் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் போதும். சில நூறு ரூபாய் வேலை. ஸ்நார்க்கலுக்கு ஆசைப்படுகிற ஆட்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்று பாருங்கள்.

இப்போது டயர். இங்கேதான் நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜிப்சிக்குக் கம்பெனி கொடுத்த டயர் 205/70, 15 இன்ச் ரிம். 215/75 போட்டால் டயரின் உயரம் சுமார் 35 மில்லிமீட்டர் கூடும். ஆனால் அச்சு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் அது பாதிதான் ஏறும், 17, 18 மில்லிமீட்டர். கேட்க அற்பமாக இருக்கும். கல்லில் இடிப்பது எது? கிரவுன் உருண்டை. அது அச்சிலேயே இருக்கிறது. நீங்கள் ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் பாடிதான் மேலே போகும், கிரவுன் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் ஒன்றுதான். இந்த அளவு டயருக்கு ஸ்பீடோமீட்டர் சுமார் 5 சதவீதம் குறைத்துக் காட்டும். முள் 80இல் நிற்கும்போது வண்டி 84இல் போகிறது, அதை மட்டும் மனதில் வையுங்கள். ரகம் என்று கேட்டால் தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் போதும். மட் டயர் தார் ரோட்டில் இரைச்சல் போடும், மழையில் பிரேக்கும் அவ்வளவு நம்பிக்கையாகப் பிடிக்காது. நம் வண்டிகள் பெரும்பாலும் ஓடுவது தார் ரோட்டில்தானே? பழைய வண்டியோடு வந்த டயரில் பட்டன் தேயாமல் நன்றாகத் தெரிகிறது என்று ஏமாற வேண்டாம், டயரின் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது.

டயரை விடப் பெரிய விஷயம் அதற்குள் இருக்கிற காற்று. எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். ஐப்பசி மழை. எஸ்டேட்டுக்கு ஏறுகிற வளைவில் வெளியூர் வண்டி ஒன்று மாட்டிக்கொண்டது. பட்டியலில் உள்ள அத்தனையும் மாட்டிய வண்டி. நாலு சக்கரமும் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. மட் டயரின் பள்ளமெல்லாம் செம்மண் அப்பி, டயரே வழவழவென்று ஆகிவிட்டது. எங்கள் ஊர் ஜீப் டிரைவர் ஒருவர் பின்னால் மூட்டையோடு நின்றவர் இறங்கி வந்தார். பேச்சே இல்லை. ஒரு காப்பிக் குச்சியை ஒடித்தார், டயர் ஓரமாக உட்கார்ந்தார், வால்வு பின்னை அமுக்கினார். உஸ்ஸென்று காற்று இறங்குகிறது.

“அண்ணே, டயர் போயிடும்ணே!”

“போகாது சார், கொஞ்சம் இருங்க.”

நாலு டயரிலும் இறக்கினார். கேஜ் கிடையாது. டயர் அடிப்பக்கம் லேசாகப் பிதுங்கி, தரையோடு படிந்து உட்காருகிறதா என்று கண்ணால் பார்த்தார். வண்டியில் ஏறி, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற ஃபோர்வீல் லோவில் போட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை மெதுவாக விட்டார். ஆக்சிலரேட்டரை மிதிக்கவே இல்லை. டயர் அப்படியே மண்ணைக் கவ்விக்கொண்டு ஏறியது. மேலே போய் நிறுத்தி, சாவியைக் கொடுத்து, “மொதல்ல காத்து பிடிங்க சார். இதோட வத்தலக்குண்டு இறங்கினா டயர் சூடாகி வெடிச்சிடும்” என்று சொல்லிவிட்டுத் தன் மூட்டையைப் பார்க்கப் போய்விட்டார்.

இதில் மாயம் இல்லை. காற்றுக் குறைந்தால் டயர் நீளவாக்கில் தரையில் படியும். பிடிக்கிற பரப்பு கூடும், எடை பரவும், சின்னக் கல்லைச் சுற்றி டயர் வளைந்துகொடுக்கும். தார் ரோட்டில் கம்பெனி சொன்ன அளவு. ஈரமண்ணில் 18, 20 பாயின்ட், அதாவது பி.எஸ்.ஐ. மணலில் 15 வரை போகலாம். அதற்குக் கீழே போனால், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்று வர வாய்ப்பு உண்டு. இறக்கின காற்றோடு மெதுவாகத்தான் போக வேண்டும், வெடுக்கென்று திருப்பக் கூடாது. தாருக்கு வந்ததும் பிடித்துவிட வேண்டும். அதனால் முதலில் வாங்க வேண்டிய சாமான் ஒரு நல்ல கேஜும், பேட்டரியில் ஓடுகிற கம்ப்ரசரும். ஜிப்சியில் இன்னொன்று, காய்ந்த தாரில் ஃபோர்வீலைப் போட்டு ஓட்டாதீர்கள். முன், பின் அச்சுகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சுற்றுவதால், வளைவில் எங்கும் சறுக்க இடமில்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் அடி வாங்கும்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரல் காட்டுகிறார்கள். டயரிலேயே நேரம் போய்விட்டது. மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாட்டிய வண்டியை இழுக்க, சேஸில் போல்ட் போட்ட கொக்கி முன்னும் பின்னும் வேண்டும். பம்பரில் கட்டாதீர்கள். டிரெய்லர் மாட்டுகிற உருண்டையில் கட்டவே கட்டாதீர்கள். அது முறிந்து தெறித்தால் ஆளைக் கொல்லும். இழுக்கும்போது கயிறு நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் எல்லாரும் நிற்க வேண்டும், பிள்ளைகள் இன்னும் தள்ளி. வண்டிக்கு அடியில், எஞ்சின் ஆயில் நிற்கிற சம்பைக் காக்க ஒரு இரும்புத் தகடு போடுங்கள், ஆயில் இறக்குகிற நட்டுக்கு நேராக ஓட்டை விட்டு. வின்ச் இப்போது வேண்டாம். தனியாகப் போகாமல் இரண்டு வண்டியாகப் போனால் அந்தச் செலவு மிச்சம்.

லிஃப்ட்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன், தள்ள வேண்டியதுதான். தொங்கிப்போன பட்டையை மாற்றினாலே பாதி உயரம் திரும்பி வந்துவிடும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடுவதில்லை. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு, சிறைக்கும் இடமிருக்கிறது. பம்பருக்கு முன்னால் போடுகிற இரும்புக் கம்பியான புல் பார் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017இலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக எதையும் வெட்டி ஒட்டும் முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை விடாதீர்கள், ஓடை இருக்கிறதே என்று இறக்கிவிடாதீர்கள்.

லைட்டைப் பற்றிப் பேச நேரமில்லை. ஒன்று மட்டும். ஈரமண்ணில் ஜாக் போட்டால் ஜாக் உள்ளே இறங்கும், வண்டி ஏறாது. அதற்கு அடியில் வைக்க ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பலகைத் துண்டு ஒன்றை மரக்கடையில் அறுத்து வாங்கி, சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். வணக்கம்.