ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு இன்சுலின்

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஹோட்டல் ஹாலில், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு டாக்டர்கள் கூட்டமாக நின்று காபி குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு சி.எம்.இ. என்று பெயர், தொடர் மருத்துவக் கல்வி. ஒரு மருத்துவர் ஐந்து வருடத்தில் 30 மணி நேரமாவது இப்படிப் படிக்க வேண்டும் என்று 2002-இல் வந்த மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. நானும் வருடக்கணக்காகப் போகிறேன். புது மாத்திரை, புது ஸ்டென்ட் எல்லாம் சொல்லித் தருவார்கள், மத்தியானச் சாப்பாடும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இன்சுலின் எழுதும் முன்னால் அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேளுங்கள் என ஒரு ஸ்லைடுகூட நான் பார்த்ததில்லை.

என்னிடம் ஓர் அம்மா வந்துகொண்டிருந்தார், வயல் வேலைக்குப் போகிறவர். இன்சுலின் போட்டும் சர்க்கரை 300-க்குக் கீழே இறங்கவே இல்லை. ஒழுங்காகப் போடுவதில்லை போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டு கொஞ்சம் திட்டினேன், இரண்டு முறை அளவையும் கூட்டினேன். மூன்றாவது முறை வந்தபோது பக்கத்தில் நின்ற சிஸ்டர்தான் கேட்டார், “மருந்த எங்கம்மா வைக்கிறீங்க?” டிவி மேல என்றார். தகரக் கூரை வீடு, சித்திரை வெயில், மருந்து வீரியமெல்லாம் போயிருக்கிறது. முதல் நாளே ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்று நான் சொன்னேன், அவரும் தலையாட்டினார். டாக்டர் முன்னால் எங்க வீட்டில் அது இல்லை என்று சொல்ல யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது?

இதில் பயப்பட வேண்டியது இன்னொன்று. கெட்டுப்போன மருந்துக்காகக் கூட்டிய அளவையே புதுக் குப்பியில் இருந்து போட்டிருந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கி, அந்த அம்மா வரப்பிலேயே மயங்கி விழுந்திருப்பார். அவர் சொன்னபடி கேட்காத நோயாளி இல்லை, நான்தான் கேட்காத டாக்டர்.

சரி, வழி என்ன? திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் வேண்டும். அதனால் மொத்தமாக வாங்கி வைக்காமல் ஒவ்வொன்றாக வாங்கலாம். திறந்ததைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மண்பானை போதும்: பாதித் தண்ணீர், தண்ணீர் புகாத டப்பாவில் மருந்து, காற்று வருகிற நிழலான மூலை. பானை ஃப்ரிட்ஜ் ஆகிவிடாது, ஆனால் டிவி மேலே வைப்பதைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம் வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை. ஏழு மணிக்கு வா என்கிறோம், அவர்கள் ஊரில் முதல் பஸ்ஸே ஒன்பதுக்குத்தான் என்றால்? ஒரு நாள் கூலியும் போய், பசியில் தலையும் சுற்றும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி.க்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, முடிந்த இடத்தில் அதை எடுக்கலாமே. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனாலும் வாசலைத் தாண்டி உள்ளே என்ன நிலைமை என்று யாராவது கேட்கத்தான் வேண்டும்.

கருவியைக்கூட அப்படியே நம்ப முடியாது. கோவிட் சமயத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, ஆக்சிமீட்டர், அது வெளிச்சத்தைத் தோல் வழியாக அனுப்பி, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று அளக்கிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, ரத்தத்தில் உண்மையில் 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். 94-க்குக் கீழே போனால்தான் ஆஸ்பத்திரி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நம் ஊரிலும் எத்தனை விதமான தோல் நிறம்! எண் நன்றாக இருந்தாலும் மூச்சு வாங்குகிறது என்று நோயாளி சொன்னால் அந்தப் பேச்சைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்த மாதம் ஒரு சி.எம்.இ.யில் எனக்கு நாற்பது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பாதியை அந்த சிஸ்டருக்குக் கொடுத்துவிட்டேன், பானையையும் அவர்தான் கொண்டுவருகிறார்.