ஆச்சியின் வாழ்வை அச்சில் ஏற்றுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் பெரியோர்களே, யாழ்ப்பாணக் கரையோரத் தீவுகளான எங்கள் தீவகத்து உறவுகளே, அனைவருக்கும் வணக்கம். நெடுங்காலம் வாழ்ந்து மறைந்த எங்கள் ஆச்சிமாரின் நினைவு நிலைப்பது பிள்ளைகளின் நாவிலா, இறந்தவர் நினைவாக உறவினர் அச்சிட்டுப் பகிரும் நினைவு மலரிலா என்பது இன்றைய வழக்கு. மலரில்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அம்மையார், காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஆச்சி காய்ச்சிய ஒடியற்கூழை எந்த அச்சகத்தாலும் அச்சிட முடியாது என்றார், அரங்கமும் கைதட்டியது. ருசியை அச்சிட முடியாதுதான். ஆனால் ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரை வடித்து, மறுபடியும் நீர் விட்டு வடித்துக் கயர்ப்பை, அதாவது கசப்பை, போக்க வேண்டும் என்பதையும், பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் மீனும் வெந்த பிறகே அந்த மாவைக் கரைத்து ஊற்ற வேண்டும் என்பதையும் எழுதி வைக்கலாம் அல்லவா? பனை வளராத பாரிசிலும் ரொறன்ரோவிலும் பிறந்த பூட்டப்பிள்ளைக்கு, அதாவது கொள்ளுப்பேத்திக்கு, பனையோலையில் மடித்த பிளாவில் கூழ் குடித்த கதையை மட்டும் சொன்னால் அவளுக்கு ஏக்கம் வருமே தவிரக் கூழ் வராது.

நாவில் நினைவு தங்குவதற்கு ஒரு முற்றம் வேண்டும். அந்த முற்றத்தில் மூன்று தலைமுறை ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் போர் தீவகத்துக்குள் நுழைந்தபோது வேலணை, புங்குடுதீவு, காரைநகர் என்று ஊர் ஊராக வீட்டைப் பூட்டிவிட்டு யாழ்ப்பாணப் பக்கம் போனவர்கள், 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமமே பெயர்ந்தபோது அங்கிருந்தும் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனார்கள். பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு நாடானார்கள். ஒரே ஆச்சியின் பேரப்பிள்ளைகள் இருவர் இன்று பேசிக்கொள்ள வேண்டுமானால் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே தடுமாறுகிறார்கள். இவர்களுடைய நாவையா எதிரணி நம்பச் சொல்கிறது?

இழக்கப்போவது என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். தலைமுறை தலைமுறையாகத் தீவகத்து ஆண்களில் பலர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை நடத்தினார்கள். திருவிழாவுக்கும் நல்லநாள் பெருநாளுக்கும் ஊர் வந்து திரும்பினார்கள். மிச்ச நாளெல்லாம் வீட்டையும் வளவையும் நடத்தியவர்கள் பெண்கள். உவர்நீர் ஊறும் மண்ணில் நன்னீர்க் கிணறு தேடிக் குடம் சுமந்ததும், பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து ஒடியலாகவும், அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாகவும் மாரிக்குச் சேர்த்ததும், சீட்டுப் பிடித்து மகளின் சீதனத்துக்குக் காசு ஒதுக்கியதும் அவர்கள். 1958, 1983 இனக்கலவரங்களில் கடைகள் சூறையாடப்பட்டு, கப்பலில் காங்கேசன்துறையில் வந்திறங்கி, உடுத்த துணியோடு படலை திறந்து வந்த ஆண்களுக்கு அன்றிரவு சோறு போட்டது அந்தச் சேமிப்புத்தான். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட பின்பும், மருத்துவமனைக்கும் சந்தைக்கும் அதே கடலைத்தான் கடக்க வேண்டியிருந்தது. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் படகேறிய பெண்ணின் துணிவை எங்கள் வரலாறு எங்கே எழுதியிருக்கிறது?

மலர்களில் அது இல்லையே என்று எதிரணி கேட்டது. நியாயமான கேள்வி. இறந்து முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு முன் அச்சாகிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா, தேவாரம், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், வம்சாவளி என்று பழைய ஒழுங்கில் பக்கங்கள் நிரம்பிவிடுகின்றன. என் அம்மம்மாவின் மலரில் தாத்தாவின் கடை விலாசம் இருக்கிறது, மாமாமாரின் பட்டங்கள் இருக்கின்றன. அம்மம்மா நாற்பது வருடம் நடத்திய சீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. இதற்கு மருந்து மலரைக் கைவிடுவதன்று. ஆச்சி திண்ணையில் இருக்கும்போதே, நினைவு தெளிவாக இருக்கும்போதே, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுவதுதான் மருந்து.

அச்சிட்டதும் எரியும் என்று 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் காட்டினார்கள். அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் மீளாமற்போனவை வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளும் அரிய நூல்களும். நினைவு மலரோ உறவினர் வீடு வீடாகப் பகிரப்படுவது. ஒரு வீடு இடிந்தாலும் இன்னொரு வீட்டு இரும்புப் பெட்டிக்குள் ஒரு படி கிடக்கும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகம் அப்படிக் கிடைத்த மலர்களையும் மின்வருடி வைத்திருக்கிறது. ஆச்சியைக் கண்ட கடைசிப் பேரன் போன பிறகு நாவுக்கு அப்படி இன்னொரு படி உண்டா?

நடுவர் அவர்களே, எதிரணியினர் நால்வரும் தத்தம் அம்மம்மாவின் தாயாருடைய பெயரையும், அவர் பிறந்த ஊரையும் இந்த மேடையில் சொல்லட்டும். என் பூட்டியின் பெயரை என் தாயாராலும் சொல்ல முடியவில்லை. பழைய மலர் ஒன்றின் வம்சாவளிப் பக்கத்தில்தான் அதைக் கண்டோம். அவர்களின் விடையைக் கேட்ட பிறகு தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.