புளூடூத்துக்கு ஒரு சிபாரிசு

நேயர்களுக்கு வணக்கம்.

கம்பி இல்லாமல் கைப்பேசியிலிருந்து கணினிக்கு இணையம் கொடுப்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "இதில் பேச என்ன இருக்கிறது, ஹாட்ஸ்பாட்டை அமுக்கினால் ஆயிற்று" என்று உங்களில் பாதிப்பேர் முணுமுணுப்பது கேட்கிறது. அமுக்கினால் ஆயிற்றுதான். ஆன பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் அவசரமாக ஒரு கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. வீட்டு இணையம் படுத்துவிட்டது. போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன், கணினியை அதில் சேர்த்தேன், கடிதம் போய்விட்டது. அப்படியே எழுந்து போய்விட்டேன். முக்கால் மணி கழித்து வந்து பார்த்தால், அன்றைய டேட்டா முழுதும் தீர்ந்துவிட்டதென்று போனில் செய்தி. நான் அனுப்பியது ஒரே ஒரு கடிதம்! மிச்சத்தைக் கணினி குடித்திருக்கிறது. ஏதோ அப்டேட்டை இறக்கிக்கொண்டு, கூடவே என் பழைய படங்களையெல்லாம் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

அதைத் திட்டியும் பயனில்லை. வைஃபை என்றால் வற்றாத கிணறு என்று அது நினைக்கிறது. அந்தப் பக்கம் இருப்பது அளந்து ஊற்றும் போன் என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? சொல்வதற்கு வழி இருக்கிறது. விண்டோஸில், சேர்ந்திருக்கும் வைஃபையின் அமைப்புக்குள் போனால் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மேக்கில் அதற்குப் பெயர் 'லோ டேட்டா மோட்'. போட்டுவிடுங்கள். பெரிய அப்டேட்டுகள் பெரும்பாலும் தள்ளிப்போகும். ஒருமுறை போட்டால் போதும், அந்த இணைப்புக்கு அது நினைவில் நிற்கும்.

ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு. புளூடூத்! பாட்டுக் கேட்க மட்டுமே அதை வைத்திருக்கிறோம். இணையமும் அதன் வழியாக வரும். இதற்கு 'டெதரிங்' என்று பெயர். மாட்டை முளையடித்துக் கயிற்றில் கட்டுவதற்கு உள்ள சொல் அது. கயிறே இல்லாமல் கட்டுவதற்கும் அதையே வைத்துக்கொண்டார்கள், போகட்டும்.

புளூடூத் என்ற பெயர் இன்னும் வேடிக்கை. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற ராஜாவின் பட்டப்பெயர் அது. அவருக்குச் சொத்தைப் பல் ஒன்று கருநீலமாக இருந்ததாம், அப்படிச் சொல்வார்கள். டென்மார்க்கையும் நார்வேயையும் ஒன்றாகச் சேர்த்தவர் என்பதால், கருவிகளைச் சேர்க்கும் நுட்பத்துக்கு அவர் பெயரைத் தற்காலிகமாக வைக்கலாம் என்று 1997-இல் இன்டெல் பொறியாளர் ஜிம் கர்டாக் சொன்னார். நல்ல பெயர் கிடைக்கும்வரைதான் என்றார்கள். இன்னும் கிடைக்கவில்லை! உங்கள் போனில் இருக்கிறதே அந்தச் சின்னம், அது அந்த ராஜாவின் பெயரெழுத்துகள் இரண்டை, பழைய ரூன் எழுத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக எழுதியது. இப்போதே போனை எடுத்துப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். புளூடூத் மெதுவானது. நொடிக்கு 2 மெகாபிட்டைத் தாண்டினால் பெரிய விஷயம். அந்த மெதுவைத்தான் நான் விரும்புகிறேன். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். கணக்குப் போடுங்கள்: ஒரு மணி நேரம் இடைவிடாமல் உறிஞ்சினாலும் 1 ஜிபி ஆகாது. கடிதத்துக்கும் செய்தி படிப்பதற்கும் இது தாராளம். கணினியின் யானைப்பசிக்கோ வாயை இறுக்கிக் கட்டியது போல. போனின் பேட்டரியும் ஹாட்ஸ்பாட்டில் இறங்குவதைவிட மெதுவாக இறங்கும். படம் பார்க்க வேண்டுமா, அப்போது ஹாட்ஸ்பாட்டுக்கே போங்கள். நான் சண்டைக்கு வரமாட்டேன்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று. போனையும் கணினியையும் புளூடூத்தில் ஜோடி சேர்த்துவிட்டு, "இணையம் வரவில்லையே" என்பார்கள். ஜோடி சேர்ப்பது வெறும் அறிமுகம். அறிமுகமானவுடன் யாராவது கடன் கொடுப்பார்களா? அதற்குப் பிறகு போனில் 'புளூடூத் டெதரிங்' என்பதைத் தனியாகப் போட வேண்டும். அடுத்து, விண்டோஸ் கணினியில் புளூடூத் பகுதியில் இருக்கும் 'பெர்சனல் ஏரியா நெட்வொர்க்'கில் சேர வேண்டும். அறிமுகம், அனுமதி, சேர்க்கை. திரும்பவும் சொல்கிறேன், இந்த வரிசைதான்: அறிமுகம், அனுமதி, சேர்க்கை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். ஹாட்ஸ்பாட்டின் பாதுகாப்பைப் பற்றி நீளமாக எழுதி வந்திருந்தேன், ஓடிக்கொண்டே சொல்கிறேன். உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பெயர் பழைய கணினியில் தெரியவே இல்லையென்றால், போன் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது, அந்தக் கணினிக்கு 2.4 மட்டும்தான் காதில் விழுகிறது என்று சந்தேகப்படுங்கள், போனில் மாற்றிக்கொள்ளலாம். ஹாட்ஸ்பாட் ஓடும்போது போன் சூடாகும், தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். கடவுச்சொல் இல்லாமல் திறந்துவிடாதீர்கள். குறைந்தது 8 எழுத்து கேட்கும்; அதற்காக ஒன்றிலிருந்து எட்டுவரை வரிசையாகப் போட்டுவிட வேண்டாம். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்... இதோ, சிவப்பு விளக்கே சிமிட்டுகிறது. நன்றி, வணக்கம்.