வானொலி கைமாறினால் ஊருக்கு என்ன மிச்சம்?

("உரிமை கைமாறுவதால் உள்ளூர் வானொலி வளர்கிறதா, தேய்கிறதா?" என்ற தலைப்பில் தஞ்சாவூரில் நடந்த பட்டிமன்றம். "தேய்கிறது" என்ற அணியின் உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, வயல் வேலைக்கு நடுவிலும் வந்து உட்கார்ந்திருக்கும் தஞ்சைப் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். புது முதலாளி வந்தால் பணம் வரும், நல்ல கருவி வரும், மூடும் நிலையில் இருக்கிற நிலையம் பிழைத்துக்கொள்ளும் என்றார். கையில் போன் இருக்கும்போது வானொலிக்காக யார் காத்திருக்கிறார்கள் என்றும் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இந்த மண்ணில் வானொலி என்ன வேலை பார்த்தது என்று முதலில் சொல்லியாக வேண்டும். இருந்தது என்னவென்று தெரிந்தால்தானே போனது என்னவென்று தெரியும்?

1939 மே 16 அன்று திருச்சியில் வானொலி நிலையம் திறந்தார்கள். 1947-ல் விடுதலை கிடைத்தபோது இந்தியாவின் பங்குக்கு வந்தவை ஆறே நிலையங்கள். டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, அந்த வரிசையில் நம் திருச்சி. பெரும் பெரும் தலைநகரங்களோடு சரிசமமாக ஒரு காவிரிக்கரை ஊர்!

1960-களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற ரகம் வந்தது. ஜப்பானிய இனத்தையும் நம் நாட்டு இனத்தையும் சேர்த்து உருவாக்கிய குறுகிய கால நெல், குறுவைக்குத் தோதானது. புது ரகம் என்றால் நம் விவசாயி லேசில் நம்பிவிடுவாரா? ஒரு பட்டம் பொய்த்தால் ஒரு வருஷச் சோறு போச்சு. 1966-ல் திருச்சி நிலையத்தில் பண்ணை இல்ல ஒலிபரப்பு தொடங்கியது. அந்த நெல்லைப் பற்றி ரேடியோவில் திரும்பத் திரும்பப் பேசினார்கள். கேட்டவர்கள் விதை தேடிப் போனார்கள். டெல்டாவில் அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் விழுந்துவிட்டது. ஒரு பயிருக்கு ஒலிபரப்பின் பெயரை வைத்த ஊர் ஐயா இது.

ஏன் நம்பினார்கள்? நாற்றங்கால் எப்போது விடுவார்கள், முறைத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு என்றைக்கு வரும், மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர எத்தனை நாள் பிடிக்கும் என்பதெல்லாம் நிகழ்ச்சி செய்தவர்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வரும் தூரத்தில் இருந்தார்கள். என் வாதத்தின் உயிர் இதுதான். இன்றைக்கு என்ன ஒலிபரப்பலாம் என்று முடிவு செய்கிற ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? நிலையம் கைமாறும்போது ஊரைவிட்டு முதலில் கிளம்புவது அந்த ஆளின் நாற்காலி.

"திருச்சி நிலையம் அரசுடையது, அதை யாரும் விற்கவில்லையே" என்று எதிரணி சொல்லலாம். 1997 நவம்பர் 23 அன்று அது அமைச்சகத்தின் நேரடிப் பிடியிலிருந்து பிரசார் பாரதி என்ற தனி அமைப்பின் கைக்குப் போனது. அரசியல்வாதியின் கை நீளக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்த மாற்றம் அது. ஆனாலும் முடிவுகள் டெல்லியில்தான் எடுக்கப்படுகின்றன. 2022-ல் நம் பக்கத்துக் காரைக்கால் பண்பலையில் இந்தி நிகழ்ச்சிகள் ஒலிக்க ஆரம்பித்தபோது இங்கே கண்டனம் கிளம்பியது. திருநள்ளாற்றிலும் நன்னிலத்திலும் கேட்கிற ஒரு நிலையத்தில் காலையில் என்ன மொழி ஒலிக்க வேண்டும் என்று அந்த ஊர்க்காரர் யாரையாவது கேட்டிருந்தால் அப்படி நடந்திருக்குமா?

இப்போது தனியார் பண்பலைக்கு வருகிறேன். 2001-ல் பெங்களூரில் முதல் தனியார் நிலையம் பேச ஆரம்பித்தது. 2005-ல் வந்த கொள்கைக்குப் பிறகுதான் நடுத்தர நகரங்களுக்கு இது பரவியது. திருச்சிக்கு 93.5-ல் சூரியன் வந்தது, 106.4-ல் ஹலோ வந்தது. அங்கெல்லாம் மைக் முன்னால் உட்காரும் பிள்ளைகள் திறமைசாலிகள், அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. விதிகளைப் பாருங்கள். வெளிநாட்டு முதலீடு முதலில் 20 சதவீதம், பிறகு 26, 2015-ல் 49. உரிமக் காலம் 10 ஆண்டு, பிறகு 15 ஆண்டு. நாட்டில் உள்ள மொத்த அலைவரிசைகளில் 15 சதவீதத்துக்கு மேல் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்று இருந்தது, 2022-ல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். எல்லாம் யார் கையில் எவ்வளவு பங்கு என்ற கணக்கு. 2011 கொள்கையில் இன்னொன்றும் சேர்ந்தது: ஒரே முதலாளியின் நிலையங்கள் நாடு முழுக்க ஒரே நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளலாம். அதற்கு முன் சிறிய நகரங்களுக்குள் மட்டும் இருந்த சலுகை அது. ஒரு நிலையத்தை வாங்குகிறவருக்கு இதைவிட இனிப்பான செய்தி ஏது? ஒரு இடத்தில் சம்பளம் கொடுத்து, பத்து ஊரில் ஒலிபரப்பலாம்.

அது நடைமுறையில் எப்படி இருக்கும்? எனக்குத் தெரிந்த ஒரு தம்பி டெல்டாப் பக்கத்து நிலையம் ஒன்றில் காலை நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தார். நிலையத்தின் பெயர் வேண்டாம். விடியற்காலையில் வந்ததும் முதல் போன் பூச்சந்தைக்கு: மல்லி கிலோ என்ன விலை? அடுத்தது பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு: அங்க மழையாண்ணே, வண்டியெல்லாம் ஓடுதா? மின்வாரியத்தில் இன்றைக்கு எந்தெந்தத் தெருவுக்குப் பராமரிப்பு மின்தடை என்று கேட்டு ஒரு அட்டையில் எழுதிக்கொள்வார். அந்த அட்டையை வைத்துக்கொண்டுதான் பேச்சு. 'கீழவாசல் பக்கம் ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும், மாவு அரைக்கிறவங்க இப்பவே அரைச்சிடுங்கம்மா' என்பார்.

நிர்வாகம் மாறியது. அவரைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டார்கள். கண்ணாடி அறை. கணினித் திரையில் பட்டியல்: பாட்டு, விளம்பரம், நிலையத்தின் அடையாள இசை, பேச்சு, மறுபடியும் பாட்டு. பேச்சு என்று போட்ட இடத்தில் முப்பது நொடி. அதை முதல் நாள் மாலையே பதிவு செய்துவிட வேண்டும். ஒரே ஆள், நாலு ஊர். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். நாளைக்கு எந்த ஊரில் மழை பெய்யும் என்று இன்றைக்கு எப்படித் தெரியும்? அதனால் மழையைப் பற்றிப் பேச முடியாது. மின்தடை, பஸ், பூ விலை எதையும் சொல்ல முடியாது. எந்த ஊரிலும் தப்பாகாத வாக்கியம் மட்டும் மிச்சம்: 'எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருங்க!' அந்தத் தம்பி கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நடுவர் ஐயா கவனிக்க வேண்டும். நம் நாட்டில் தனியார் வானொலி சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. வேண்டுமானால் ஆகாசவாணியின் செய்தியை அப்படியே வாங்கிப் போடலாம். மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்திக்கு அனுமதிக்கலாம் என்று 2023-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. ஆனால் போக்குவரத்து, வானிலை, மின்சாரம், குடிநீர், தேர்வு அறிவிப்பு, உள்ளூர் விழா, இதெல்லாம் செய்தி இல்லை என்று விதியே விலக்கு கொடுத்திருக்கிறது. அதாவது ஊருக்காகப் பேச சட்டம் திறந்துவைத்த சன்னல் அந்தத் தம்பியின் அட்டையில் இருந்த விஷயங்கள்தான். கைமாறியதும் முதலில் சாத்தியது அந்தச் சன்னலை.

விளம்பரத்தையும் சேர்த்துப் பாருங்கள். உள்ளூர் நிலையத்தில் நாச்சியார்கோவில் குத்துவிளக்குக் கடைக்காரர் கார்த்திகைக்கு முன் பத்து நாளுக்குப் பத்து நொடி விளம்பரம் கொடுப்பார். விற்பனைப் பிரிவு சென்னைக்குப் போனபிறகு, ஐந்து ஊருக்குச் சேர்த்து எடுத்தால்தான் விலை படியும் என்கிறார்கள். கோயம்புத்தூரில் கேட்கும் விளம்பரத்துக்கு அவர் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? அவர் விலகிப் போகிறார், அந்த இடத்தில் செல்போன் கம்பெனி வந்து உட்கார்கிறது.

"இதெல்லாம் சின்ன விஷயம்" என்கிறீர்களா? அமெரிக்காவில் 1996-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு நிறுவனம் நாடு முழுக்க எத்தனை வானொலி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றது. கிளியர் சேனல் என்ற நிறுவனம் சுமார் 1,200 நிலையங்களைச் சேர்த்தது. வடக்கு டகோட்டா மாநிலத்தில் மைனாட் என்று ஒரு நகரம், நம் பட்டுக்கோட்டையைவிடச் சிறியது. அங்கே இருந்த ஆறு வணிக வானொலிகளும் அந்த ஒரே நிறுவனத்திடம். 2002 ஜனவரி 18, நள்ளிரவு தாண்டிய நேரம். சரக்கு ரயில் தடம்புரண்டு, டேங்கர்கள் உடைந்து, அமோனியா வாயு ஊருக்குள் பரவியது. வீட்டை மூடிக்கொண்டு உள்ளேயே இருங்கள் என்று மக்களுக்குச் சொல்ல வேண்டும். காவல்துறை வானொலி நிலையத்துக்குப் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த நிகழ்ச்சி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். காவல்துறை தன் அவசர எச்சரிக்கைக் கருவியைச் சரியாக இயக்கவில்லை என்று நிறுவனம் சொன்னது. அதில் உண்மையும் இருக்கிறது. கருவி பழுதாகும் ஐயா, அதனால்தானே பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டும் என்கிறோம்!

"அமெரிக்காவில் நடந்ததை ஏன் இங்கே சொல்கிறீர்கள்" என்று கேட்கலாம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தது. பேராவூரணி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. பல கிராமங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, சார்ஜ் இருந்தவருக்கு சிக்னல் இல்லை. கையில் போன் இருக்கிறதே என்று சொன்ன எதிரணித் தலைவருக்கு இதுதான் என் பதில். இரண்டு பேட்டரி செல் போட்டால் பேசுகிற பெட்டி அந்த வாரத்தில் என்ன மதிப்பு என்று வேதாரண்யத்துக்காரரைக் கேளுங்கள். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம், தண்ணீர் லாரி எங்கே நிற்கிறது என்று அந்தப் பெட்டி சொல்ல வேண்டுமானால், பேசுகிறவர் அந்தச் சாலையில் வந்தவராக இருக்க வேண்டும்.

பணம் வரும் என்றார்களே, அதற்கு வருகிறேன். நலிந்த நிலையத்தைச் சில சமயம் புது முதலாளி காப்பாற்றுகிறார், மறுக்கவில்லை. ஆனால் வாங்குகிறவர் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் வாங்குகிறார். வட்டி கட்ட வேண்டும். ஒலிபரப்புக் கோபுரத்தைக் குறைக்க முடியாது, அரசுக்குக் கட்டும் கட்டணத்தைக் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது ஆள் சம்பளம் மட்டும். அதே கிளியர் சேனல் 2008-ல் பெரும் கடனோடு கைமாறியது, ஐஹார்ட்மீடியா என்று பெயரை மாற்றிக்கொண்டது, 2018 மார்ச்சில் 2,000 கோடி டாலருக்கு மேல் கடனோடு திவால் மனு போட்டது. இங்கேயும் பிக் எஃப்.எம். நடத்திய நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போய்த்தான் வேறு கைக்கு மாறியது. பெரிய கை என்றால் உறுதியான கை என்று யார் சொன்னது?

எதிரணியில் இளையவர் ஒருவர் இலங்கை வானொலியைச் சொன்னார். கொழும்பிலிருந்து வந்ததை டெல்டாவே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியதே என்றார். உண்மை, எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பாட்டுக்கு எல்லையே கிடையாது, எங்கிருந்து வந்தாலும் கேட்போம். ஆனால் மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று கொழும்பை யாரும் கேட்கவில்லை. அதற்குத் திருச்சி இருந்தது. திருச்சி இருந்த தைரியத்தில்தான் கொழும்பை ரசித்தோம்.

விற்கவே முடியாத வானொலியும் இந்த மண்ணில் இருக்கிறது. நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் களஞ்சியம் சமுதாய வானொலி. சமுதாய வானொலியின் உரிமத்தை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அதன் சக்தி சிறியது, நூறு வாட். சில கிலோமீட்டர்தான் எட்டும். ஆனால் எட்டுகிற தூரத்துக்குள்தான் அதைப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். கைமாறினால்தான் வானொலி வளரும் என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

கடைசியாக ஒன்று. 2024 ஆகஸ்டில் 234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தப் பட்டியலில் இந்தத் தஞ்சாவூரும் இருக்கிறது. நாளைக்கு நம் ஊருக்கே ஒரு நிலையம் வரலாம், நாலு வருஷத்தில் வேறு கைக்கும் போகலாம். அன்றைக்கு நாம் கேட்க வேண்டியதை இன்றைக்கே இந்த மேடையில் கேட்கிறேன். உரிமம் யார் கைக்கு மாறினாலும், ஒரு நாளில் இத்தனை மணி நேரம் தஞ்சையிலிருந்தே நேரலை என்று உரிமத்தில் எழுதுங்கள். புயல் எச்சரிக்கை வந்த ராத்திரியில் நிலையத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். போன் அடித்தால் எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். வாங்குகிறவர் அதற்கும் சேர்த்து விலை பேசட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். தேய்கிறது என்ற எங்கள் அணிக்கே தீர்ப்பைத் தர வேண்டும் என்று நடுவர் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.