ஆச்சிக்குத் தெரிந்த ராகம்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

அக்டோபர் 1 உலக முதியோர் தினம். 1991 முதல் கடைப்பிடித்து வருகிறார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பெரியவர்களுக்கென்று ஒதுக்குவது உண்டு. எழுபது தாண்டியவர்களை முன்வரிசையில் உட்கார வைப்போம், சால்வை போர்த்துவோம், ஆராதனை முடிந்ததும் எல்லாருமாகச் சாப்பிடுவோம். நல்ல வழக்கம்தான், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தச் சால்வை மடித்துப் பீரோவுக்குள் போன பிறகு, வருஷத்தின் மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? கொஞ்ச நாளாக இந்தக் கேள்வி என் மனதை அரிக்கிறது.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் கிறிஸ்துமஸ் பஜனைக்குப் பழைய கீர்த்தனை ஒன்றைப் பாட வேண்டும் என்று பாடகர் குழுப் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். வேதநாயகம் சாஸ்திரியார் பாடியது. சாஸ்திரியார் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, தஞ்சாவூரில் மிஷனரியாக இருந்த சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, 1864-இல், தொண்ணூறைத் தொடுகிற வயதில் மறைந்தவர். எங்கள் கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். ஸ்வரம் இருக்காது. ராகத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மெட்டைப் பிடிக்க முடியுமா? கீபோர்டு வாசிக்கிற தம்பி தானாக ஒரு மெட்டுப் போட்டுப் பார்த்தான். வார்த்தை ஒரு பக்கம் இழுத்தது, தாளம் ஒரு பக்கம் இழுத்தது.

எங்கள் பக்கம் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். அந்தக் கோயில் மணி அடிக்கிற அண்ணன்தான், "ஆச்சிகிட்டக் கேளுங்களேன்" என்றார்.

பெண்கள் பக்கம் மூன்றாவது தூணோரம், அட்டை பிய்ந்த பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாரே, அந்த ஆச்சி. அவரைக் கடைசியாகக் கோயிலில் எப்போது பார்த்தோம் என்று யோசித்தோம். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. விசாரித்தால், இடுப்பெலும்பு முறிந்து ஒன்றரை வருஷமாக வீட்டோடு இருக்கிறாராம். எங்கள் போதகரான சேகர குரு மட்டும் மாதம் ஒரு தடவை போய்த் திருவிருந்து, அதாவது நற்கருணை, கொடுத்து வந்திருக்கிறார். இரண்டு தெரு தள்ளி இருக்கிற எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

போனோம். கட்டிலில் சாய்ந்திருந்தார். பிள்ளைகள் பாடியதைக் கேட்டுவிட்டு, "எய்யா, அது அப்படி இல்ல. பல்லவி கீழ இருந்துல்லா ஏறும்" என்று சொல்லி அவரே தொடங்கினார். குரல் நடுங்கியது, மூச்சு வாங்கியது. வலது கை மட்டும் கட்டில் சட்டத்தில் தாளம் தட்டிக்கொண்டே இருந்தது. இரண்டாவது சரணத்தில் ஒரு சொல் மறந்துபோயிற்று. கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு நின்றது, கை நிற்கவில்லை. இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, வெறும் தாளமாகவே போயிற்று. நாங்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு சொல் வந்தது, தாளத்தில் பாட்டு தொடங்க வேண்டிய எடுப்பில் சரியாகப் பிடித்துக்கொண்டார். எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, "எங்க அம்மை நெல்லு அவிக்கும்போது பாடுவா" என்றார், அவ்வளவுதான்.

அந்த மெட்டு புத்தகத்தில் இல்லை. ஒரு அடுப்படியிலிருந்து இன்னொரு அடுப்படிக்கு வந்து, எங்கள் ஊரில் கடைசியாக இந்த ஒருவரிடம் தங்கியிருந்தது. அந்த ஒருவரைத்தான் நாங்கள் மறந்திருந்தோம்.

இப்போது கோயிலில் பாட்டு வரிகளைக் காட்டுகிற திரை வைத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒரு புதுப்பாட்டு வருகிறது. பிள்ளைகளுக்கு உற்சாகம்தான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு ஞாயிறு நீங்கள் திரையைப் பார்க்காமல் பெரியவர்களின் முகத்தைப் பாருங்கள். கண்புரை விழுந்த கண்ணுக்கு அந்த எழுத்து தெரியாது. நூறு பாட்டை மனப்பாடமாக வைத்திருக்கிறவர் வாயை மூடிக்கொண்டு நிற்பார்.

இவர்கள் சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள் இல்லை. பாளையங்கோட்டையில் 1785-இல் பிரதிஷ்டை செய்த முதல் கோயிலைக் கட்டியவர் குளோரிந்தா என்கிற விதவைப் பெண். பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே இன்றும் ஜனங்கள் சொல்கிறார்கள். அந்தக் கொடுக்கிற கை பிறகும் நிற்கவில்லை. என் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம், களைந்து போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தப் பிடி குறையாது. சிறு பிள்ளையாக நான் அழுதிருக்கிறேன், "எனக்குத்தானே பசிக்குது, கோயிலுக்கு எதுக்கு?" என்று. ஞாயிற்றுக்கிழமை அது காணிக்கையாகப் போய்விடும். இன்று நாம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஜெபிக்கிற பல கோயில்களின் சுவரில் அப்படிப்பட்ட பிடி அரிசி இருக்கிறது.

குழந்தை இயேசுவை எருசலேம் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தபோது, இன்னார் என்று கண்டுகொண்டவர்களாகச் சுவிசேஷம் எழுதிய லூக்கா இரண்டு பேரைச் சொல்கிறார். சிமியோன், அன்னாள். அன்னாளுக்கு எண்பத்துநான்கு வயது என்றும் எழுதி வைத்திருக்கிறார். தேவாலயத்தை விட்டு நீங்காமல் இருந்த ஒரு மூதாட்டியின் வயதைக்கூட விடாமல் குறித்திருக்கிறாரே என்று நான் நினைத்துக்கொள்வேன். நம் சபைப் பதிவேட்டிலும் எல்லாருடைய வயதும் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பதில்லை.

சரி, என்ன செய்யலாம்? எங்கள் சபையில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வாசற்படியில் கைப்பிடிக் கம்பி வைத்தோம். கை வைத்த நாற்காலி பத்து வாங்கினோம். ஸ்பீக்கரைக் கொஞ்சம் குறைத்தோம், காதுக் கருவி போட்டிருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் இரைச்சலாகத்தான் கேட்குமாம். ஒவ்வொரு ஆராதனையிலும் ஒரு கீர்த்தனையாவது பழைய மெட்டில் பாடுகிறோம். அப்புறம், யார் இரண்டு வாரம் வரவில்லையோ அவர் வீட்டுக்கு அந்தத் தெருக்காரர் ஒருவர் போக வேண்டும். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, தனியாக இருக்கிற பெரியவர்கள் எங்கள் ஊரில் நிறைய. போய் ஜெபம் பண்ணிவிட்டு உடனே எழுந்துவிடக் கூடாது என்று மட்டும் பேசிக்கொண்டோம். ஏதாவது கேட்க வேண்டும். அந்தக் காலத்துப் பஜனை எந்தத் தெருவில் தொடங்கும், கோயிலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனத்துக்குக் குழம்பு யார் வைப்பார்கள், புயலடித்த வருஷம் கோயில் கூரை என்ன ஆயிற்று, இப்படி. கேட்டால் அவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆச்சியிடம் இதுவரை பதினேழு பாட்டுப் பதிவு செய்திருக்கிறோம். கீபோர்டுத் தம்பி இப்போது சனிக்கிழமை சாயங்காலம் யாரும் சொல்லாமலே அங்கே போய்விடுகிறான். வருகிற ஞாயிறு அவரை ஆட்டோவில் கோயிலுக்கு அழைத்து வருகிறோம். முன்வரிசை வேண்டாமாம். மூன்றாவது தூணோரம் அவருடைய இடத்தில் நாற்காலி போட்டால் போதும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வணக்கம்.