டோரா காத்திருக்கிறாளுங்க!

நடுவர் ஐயா அவர்களே, பேசி முடித்த களைப்பில் சோடா குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே, தறிக்கு லீவு விட்டுவிட்டுப் பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் சோமனூர்ப் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கமுங்க.

“பிஞ்சுக் குழந்தைகளுக்குப் பொம்மைத் தொடர் துணையா, தொல்லையா?” இதுதான் தலைப்பு. துணையே என்று பேச வந்திருக்கிறேன். நான் பால்வாடி டீச்சர். மூணு வயசு, நாலு வயசுப் பிள்ளைகளோடுதான் என் பொழப்பு.

டிவி முன்னால் உட்கார்ந்த பிள்ளை மரக்கட்டை ஆகிவிடுகிறது, கூப்பிட்டால் திரும்பாது, வாய் பேசாது என்றார் அண்ணன். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணன் டோராவை ஒரு நாளாவது முழுசாகப் பார்த்திருக்கிறாரா என்பது எனக்குச் சந்தேகமுங்க.

2000-ல் அமெரிக்காவில் நிக்கலோடியன் சேனலில் வந்த தொடர் அது. இங்கே 2007-ல் சுட்டி டிவி வந்தது, டோராவும் தமிழ் பேசிக்கொண்டு நம் வீட்டுக்குள் வந்தாள். ஒரு சின்னப் பெண், கூடவே புஜ்ஜி என்று ஒரு குரங்கு, முதுகில் பேசுகிற பை, வழி சொல்ல ஒரு வரைபடம். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எங்கேயோ போக வேண்டும், அதற்குள் இரண்டு மூன்று இடம் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆற்றங்கரைக்கு வந்ததும் நம்மைப் பார்த்து, பாலம் எங்கே என்று கேட்பாள். கேட்டுவிட்டுச் சும்மா நிற்பாள். கண்ணைச் சிமிட்டிக்கொண்டே நிற்பாள். “அங்கதான இருக்குது, கண்ணு தெரியலையா?” என்று நமக்கு எரிச்சலாக வரும். அந்த இடைவெளி நமக்கு இல்லீங்க. நாலு வயசுக்காரன் கேள்வியைக் காதில் வாங்கி, யோசித்து, வாய் திறக்க அவ்வளவு நேரம் ஆகும். வீட்டில் அத்தனை நேரம் யார் காத்திருக்கிறோம்? “உன் பேர் என்ன கண்ணு?” என்று குழந்தையைக் கேட்டால், அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறாள்!

எங்கள் பால்வாடிக்குப் பக்கத்தில் ஒரு தறிக்குடோன். அதை ஒட்டிய வீட்டில் அப்பனும் ஆத்தாளும் தறி ஓட்டப் போய்விடுவார்கள், அம்முச்சி தார் சுற்றிக்கொண்டே பேரனைப் பார்த்துக்கொள்ளும். தறி ஓடுகிற தடதடப்பில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. ஆனால் டிவியில் டோராவின் பொருளைத் திருடப் பார்க்கிற குள்ளநரி வந்துவிட்டால், அந்தப் பையன் எழுந்து நின்று, கையை நீட்டி, “குள்ளநரி திருடக் கூடாது!” என்று போடுகிற சத்தம் எங்கள் திண்ணை வரைக்கும் வரும். இதுவாங்க மரக்கட்டை? அம்முச்சியும் கைவேலையை நிறுத்திவிட்டு, “திருடக் கூடாதுடா சாமி” என்று சேர்ந்துகொள்ளும். காலையில் பால்வாடிக்கு வரும்போது அவன் எனக்கே வழி சொல்கிறான்: “மாகாளியம்மன் கோயில், தண்ணித் தொட்டி, பால்வாடி.” வரிசை மாறாது.

பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்த்தால் மூளை மழுங்கிவிடும் என்றும் அண்ணன் பயமுறுத்தினார். 1996-ல் அதே நிக்கலோடியனில் ‘புளூஸ் க்ளூஸ்’ என்று ஒரு நீல நாய்க்குட்டித் தொடர் வந்தது. ஒரே கதையை வாரத்தில் ஐந்து நாளும் வேண்டுமென்றே போட்டார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, திரும்பப் பார்க்கப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கதை கூடுதலாகப் புரிந்தது, வாய்விட்டுப் பதில் சொல்வதும் கூடியது. காக்கா வடை கதையைத் தினமும் கேட்கிற பிள்ளையை அண்ணன் திட்டுவாரா?

சரி, எல்லாப் பொம்மைப் படமும் உசத்தியா? இல்லீங்க. 2011-ல் அமெரிக்காவில் நாலு வயசுப் பிள்ளைகள் 60 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. காட்சி பறக்கிற வேகமான கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்த பிள்ளைகள், அதன்பின் பொறுமையும் கவனமும் கேட்கிற சோதனைகளில் பின்தங்கினார்கள். நிதானமாகப் போகிற தொடரைப் பார்த்தவர்களோ, உட்கார்ந்து படம் வரைந்த பிள்ளைகளுக்குச் சமமாகச் செய்தார்கள். அண்ணன் திட்ட வேண்டியது அந்த வேகத்தை. நிதானமாக நடக்கிற டோராவைப் பிடித்து அடிப்பானேன்?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எங்கள் அணித் தலைவர் முறைத்தாலும் பரவாயில்லை. டோராவுக்குக் காது கேட்காது. பிள்ளை “பாலம்” என்றாலும் பாராட்டுவாள், “பஸ்ஸு” என்றாலும் பாராட்டுவாள். திருத்துவதற்கு அம்முச்சிதான் வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2021-ல் அதைத்தானே சொன்னது? ரெண்டு வயசுக்குள் திரையே கூடாது, ரெண்டிலிருந்து அஞ்சு வயசு வரைக்கும் பெரியவர்கள் பார்வையில், நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் நான் ஒரு நிமிடமும் கேட்கவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, இதோ முடித்துவிடுகிறேன். எதிரணியில் அடுத்துப் பேச வரும் அக்காவிடம் ஒரே கேள்வி. ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டு மணிக்கு வருகிற ஒரு தாய், அரை மணியில் சோறாக்கியாக வேண்டும். டோரா ஓடினால், அடுப்படியிலிருந்தே “பாலம் எங்கடா சாமி?” என்று அவளும் சேர்ந்து கேட்கலாம். அது வேண்டாம் என்றால், பிள்ளை கையில் செல்போன்தான் போகப் போகிறது. கதை சொல்ல ஆள் இருக்கிற வீட்டைக் காட்டித் தப்பிக்காதீங்க அக்கா, ஆள் இல்லாத வீட்டுக்கு அந்த அரை மணி நேரத்தில் என்ன வழி என்று சொல்லுங்க. நன்றி, வணக்கமுங்க.