ஒரே மெய்க்கு மூன்று எண்

நேயர்களுக்கு வணக்கம். கொரிய நாடகங்களில் கைப்பேசித் திரையைக் காட்டும்போது கவனித்திருப்பீர்கள். 7 என்ற எண்ணின் இடுப்பில் ஒரு கோடு போட்ட மாதிரி ஓர் எழுத்து மூன்று நான்கு தடவை அடுத்தடுத்து நிற்கும். அதன் பெயர் கியுக். மூச்சை விட்டுச் சொல்லும் 'க்'. உயிர் சேராத வெறும் மெய். வரிசையாக அடித்தால் சிரிப்பு. இயுங் என்ற வட்டத்தை இரண்டு தடவை அடித்தால் 'ஆமாம்'. கியொக் என்ற சாதாரண 'க்'கும் சியொத் என்ற 'ஸ்'ஸும் சேர்ந்து வந்தால் 'கம்சா', அதாவது நன்றி. இரண்டு அசையின் தலையெழுத்து மட்டும்!

முறையான எழுத்தில் மெய் இப்படித் தனித்து நிற்காது. முதல் மெய், உயிர், தேவைப்பட்டால் இறுதி மெய் என்று ஒரு கட்டத்துக்குள் அடுக்கினால்தான் அசை. முதல் மெய் 19, உயிர் 21, இறுதி 27. இறுதியே இல்லாததையும் ஒன்றாக எண்ணினால் 28. பெருக்கினால் 11,172. உலக எழுத்துகளுக்கெல்லாம் கணினி எண் கொடுக்கும் தரம் யூனிகோடு. 1996இல் வந்த அதன் 2.0 பதிப்பு, அத்தனை அசைக்கும் 44032 தொடங்கி வரிசையாக எண் கொடுத்துவிட்டது. நம் 'கி' கணினிக்குள் இரண்டு எண், அவர்கள் 'கி' ஒன்றே ஒன்று.

வம்பெல்லாம் மெய்யில்தான். கியொக் அசையின் தலையில் நின்றால் 4352, அடியில் நின்றால் 4520, தனியாக நின்றால் 12593. நம் கண்ணுக்கு ஒரே எழுத்து, கணினிக்கு மூன்று வேறு ஆட்கள். விசைப்பலகையில் தனியாகத் தட்டினால் விழுவது மூன்றாவது. பழைய கொரியத் தரக் குறியீட்டோடு ஒத்துப்போவதற்காக வைத்த தொகுதி அது.

கொரியக் கைப்பேசியில் பெயர்களின் முதல் மெய்களை மட்டும் தட்டியே ஆளைத் தேடலாம். கணக்கு எளிது. அசையின் எண்ணில் 44032ஐக் கழித்து, மீதியை 588ஆல் வகுங்கள். 21ஐ 28ஆல் பெருக்கி வந்தது அந்த 588. ஈவு, முதல் மெய்யின் வரிசை எண். 'நா' என்ற அசை 45208. கழித்தால் 1176, வகுத்தால் 2. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 2 என்பது நியுன், நம் 'ந்'. சரிதான். இங்கேதான் புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் சறுக்குவார்கள். தனி எழுத்துகள் தொடங்கும் 12593உடன் 2ஐக் கூட்டினால் 12595. அது நியுன் இல்லை, அசையின் அடியில் மட்டும் வரும் 'க்ஸ்' என்ற கூட்டெழுத்து. தனி எழுத்துத் தொகுதியில் கூட்டெழுத்துகளும் இடையிடையே உட்கார்ந்திருக்கின்றன. நியுன் இருப்பது 12596இல். கூட்டல் வேண்டாம், 19 மெய்க்கும் ஓர் அட்டவணை போட்டு எடுப்பதே வழி.

இன்னொரு சறுக்கல், எழுத்தைச் சீராக்கும்போது, அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு எண்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்போது. கியுக் இரண்டு, அதை ஒட்டி 'யு' என்ற உயிர் இரண்டு. அந்த உயிரின் வடிவம் கண்ணீர் வழியும் கண் மாதிரி இருக்கும். சிரித்துக்கொண்டே அழுகிறேன் என்று பொருள். இதை என்எஃப்கேசி என்ற யூனிகோடு முறையில் சீராக்கினால் தனி எழுத்துகள் முதல் மெய்யாகவும் நடு உயிராகவும் மாறி, பக்கத்தில் இருப்பவை ஒட்டிக்கொள்ளும். நடுவில் 'க்யு' என்று ஓர் அசை முளைத்து நிற்கும். சிரிப்பும் போச்சு, அழுகையும் போச்சு. அரட்டை உரைக்கு என்எஃப்சி என்ற மிதமான முறை போதும். அது தனி எழுத்தைத் தொடாது.

மேக் கணினியிலிருந்து விண்டோஸுக்கு வரும் கோப்புப் பெயர்களில் இதற்கு நேர்மாறான கூத்து நடக்கும். கொரிய எழுத்தின் பெயரான 'ஹங்குல்' என்ற சொல் இரண்டு அசை, இரண்டு எண். மெய், உயிர் என்று பிரித்துச் சேமித்தால் ஆறு எண். யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 6 பைட் 18 ஆகிறது. திரையில் எழுத்துகள் உதிர்ந்து கிடக்கும், தேடினால் கோப்பு அகப்படாது. இதற்கும் என்எஃப்சியே மருந்து, மறுபடி ஒட்டிவிடும்.

அந்த மருந்துக்கும் மசியாத ஒன்று உண்டு. 12644 என்ற எண்ணில், இடம் நிரப்ப வைத்த ஓர் எழுத்து. கண்ணுக்கு வெற்றிடம், யூனிகோடு கணக்கில் எழுத்து. ஓர வெற்றிடங்களை வெட்டும் வழக்கமான கட்டளை இதைத் தொடாது. அதனால்தான் பெயரே இல்லாத பயனர்கள் சில இடங்களில் உலவுகிறார்கள். இந்த எண்ணைத் தனியாகக் குறிப்பிட்டுத்தான் தடுக்க வேண்டும். வணக்கம்.